சோகைக்குள் மறையும் இரத்தப் புற்று
(சித்தியவானில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

பேராக் மாநிலத்தின் மஞ்சோங் மாவட்டத்தில், சித்தியவானையும் ஆயர் தாவாரையும் பந்தாய் ரெமிஸையும் சூழ்ந்திருந்த இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்கு இரத்தச்சோகை பழகிப்போன துன்பமாக இருந்தது. வெறுங்காலுடன் ஈர மண்ணில் நடந்து பால்மரம் சீவியவர்களின் பாதத்தோல் வழியே கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் உடலுக்குள் புகுந்து, நுரையீரல் வழியாகச் சுற்றி வந்து, சிறுகுடலின் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடித்தன. ஒரு புழு ஒரு நாளில் உறிஞ்சுவது அதன் இனத்தைப் பொறுத்து 0.03 முதல் 0.2 மில்லிலிட்டர் வரைதான் என்றாலும், நூற்றுக்கணக்கில் புழுக்கள் குடியேறிய குடலிலிருந்து மாதக்கணக்கில் கசியும் இரத்தத்தோடு உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பும் கரைந்துபோகும். சிவப்பணுக்களை உள்ளிருந்தே உடைக்கும் மலேரியாவும், அடுத்தடுத்த பேறுகாலங்களில் ஏற்பட்ட இரத்த இழப்பும், சத்துக் குறைந்த உணவும் அதனோடு சேர்ந்துகொண்டன. 1900இல் கோலாலம்பூரில் நிறுவப்பெற்ற மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், 1901 முதல் கிள்ளானில் சதுப்பு நிலங்களை வடிகால் வெட்டி உலர்த்தி மலேரியாவைக் குறைத்துக் காட்டிய மால்கம் வாட்சனின் பணியும் தோட்ட மக்களின் உடல்நல வரலாற்றில் நன்றியுடன் குறிக்கத்தக்கவை.

தோட்ட மருந்தகத்தில் இருந்த ‘டிரஸர்’ கீழ் இமையை இறக்கிப் பார்த்து, உட்புறம் வெளுத்திருந்தால் பூச்சி மருந்தும் இரும்புச்சத்து மருந்தும் கொடுத்தார். பெரும்பாலானவர்களுக்கு அது சரியான மருத்துவமாகவே அமைந்தது. தோட்டங்கள் செம்பனைக்கும் வீட்டுமனைகளுக்கும் இடம் கொடுத்து, லயங்களில் இருந்தவர்கள் பட்டணத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பின்னும் அந்தப் பழக்கம் மட்டும் வீடுகளில் தங்கிவிட்டது. ‘ரத்தம் கம்மி’ என்று ஒருவரைப் பற்றிச் சொல்லப்பட்டதும் பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் ஆட்டு ஈரலும் சத்து மாத்திரையும் வந்துசேர்கின்றன. சோகை எதனால் வந்தது என்ற கேள்வி மட்டும் வருவதில்லை. அந்தக் கேள்வி கேட்கப்படாமல் போவதால் மிகச் சிலரிடத்தில் மறைந்துகிடக்கும் ஓர் அரிய இரத்தப் புற்று எவ்வாறு பல வாரங்கள் பிடிபடாமல் போகிறது என்பதும், அதைவிடவும் எளிதில் குணமாகக்கூடிய ஒரு சத்துக்குறை அந்தப் புற்றின் தோற்றத்தைக் கொண்டு மருத்துவரையே எவ்வாறு ஏமாற்றக்கூடும் என்பதும் இச்சொற்பொழிவின் பொருளாகும்.

இங்குக் குறிக்கப்படும் நோய் தீவிரச் சிவப்பணு மரபு லியூக்கேமியா என்பதாகும். மனித உடலின் இரத்த அணுக்கள் எல்லாம் எலும்பு மஜ்ஜை என்னும் நாற்றங்காலில் முளைத்து, படிப்படியாக முதிர்ந்து, இரத்தவோட்டத்துக்குப் பெயர்த்து நடப்படுகின்றன. சிவப்பணுவாக வளரவேண்டிய அணு தொடக்கத்தில் பெரிய உட்கருவுடன் இருந்து, ஒவ்வொரு படியிலும் சிறுத்து, ஹீமோகுளோபினை நிரப்பிக்கொண்டு, இறுதியில் உட்கருவையே வெளியேற்றிவிட்டு வட்டத்தட்டாக மஜ்ஜையை விட்டுப் புறப்படுகிறது. இந்த வளர்ச்சி தொடக்கப் படியிலேயே நின்றுபோய், முதிராத அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும்போது மஜ்ஜை நிறையச் சிவப்பணு மரபினவே இருந்தும் உடலுக்குப் பயன்படும் சிவப்பணுக்கள் உரிய அளவில் வெளிவருவதில்லை. மஜ்ஜை நிறைந்து வழிய இரத்தம் வறண்டுபோகும் இந்த முரண்பாட்டை முதலில் தெளிவாக எழுதிவைத்தவர்களில் தலையாயவர் இத்தாலிய மருத்துவர் ஜொவான்னி டி குலியெல்மோ ஆவார். அவர் 1917இல் தொடங்கி 1920களில் தொடர்ந்து விவரித்ததால் அவர் பெயராலேயே இந்நோய் நெடுங்காலம் வழங்கிற்று. 1976இல் பிரெஞ்சு, அமெரிக்க, பிரிட்டிஷ் வல்லுநர் குழு லியூக்கேமியாக்களை வகைப்படுத்தியபோது இதற்கு ‘எம்6’ என்று எண்ணிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் அண்மைக்கால வகைப்பாடு எல்லையை மிகவும் இறுக்கி, மஜ்ஜை அணுக்களில் ஐந்தில் நான்கு பங்கு சிவப்பணு மரபினவாகவும், 30 விழுக்காடோ அதற்கு மேலோ தொடக்கநிலைச் சிவப்பணுக்களாகவும் இருந்தால் மட்டுமே இந்தப் பெயரைத் தருகிறது. அவ்வாறு இறுக்கிய பின் இது தீவிர மைலாய்டு லியூக்கேமியா என்ற பெருங்குடும்பத்திலேயே மிக அரிய கிளையாகிவிட்டது.

இது மறைந்துகொள்வதற்கு முதற்காரணம் பொதுமக்களிடம் மட்டுமன்றிச் சில வேளைகளில் மருந்தகங்களிலும் நிலவும் ஓர் எண்ணமாகும். இரத்தப் புற்று என்றால் வெள்ளணுக்கள் இலட்சக்கணக்கில் ஏறியிருக்கவேண்டும் என்று கருதப்படுகிறது. இந்த நோயிலோ வெள்ளணு எண்ணிக்கை பெரும்பாலும் குறைந்தே காணப்படும். புற்று அணுக்கள் மஜ்ஜைக்குள்ளேயே அடைந்து கிடந்து, கையிலிருந்து எடுக்கும் இரத்தத்தில் ஒன்றிரண்டாக மட்டுமே தலைகாட்டக்கூடும். நோயாளி கொண்டுவரும் முறையீடு களைப்பு, மாடிப்படி ஏறினால் மூச்சிரைப்பு, படபடப்பு, தலைச்சுற்றல் என்பவையாக இருக்கும். ஆண்களுக்கு டெசிலிட்டருக்கு 13 கிராமும், கருவுறாத பெண்களுக்கு 12 கிராமும் ஹீமோகுளோபினின் கீழ் எல்லை என்றும், 8 கிராமுக்குக் கீழ் இறங்கினால் கடுஞ்சோகை என்றும் கொள்வது வழக்கம்; இந்நோயாளிகள் பலர் அந்தக் கடைசி எல்லைக்கும் கீழே இறங்கிய பின்னரே மருத்துவமனைப் படியேறுகின்றனர். தோலில் காரணமில்லாமல் தோன்றும் நீலத்தழும்புகள், ஈறில் இரத்தம், விட்டுவிட்டு வரும் காய்ச்சல் ஆகியவை கூடவே இருந்தால் மஜ்ஜையின் மற்ற விளைச்சல்களும் குன்றியுள்ளன என்பதற்கு அவை அடையாளமாகும்; ஆயினும் நோயாளியின் பேச்சில் சோர்வே முன்னிற்பதால் அவை கேட்டால்தான் வெளிவரும்.

இரண்டாவது காரணம், இப்புற்றுக்கு ஓர் இரட்டை இருப்பதாகும். வைட்டமின் பி12 அல்லது ஃபோலிக் அமிலம் குறைந்தால் அணுவின் உட்கருவிலுள்ள மரபுப்பொருளைப் படியெடுக்கும் வேலை தடைப்பட்டு, உடலம் வளர உட்கரு வளராமல் பின்தங்கி, மஜ்ஜை முழுவதும் பெருத்து முதிராத சிவப்பணுக்களால் நிறைந்துவிடும். இதுவே பேரணுச் சோகை எனப்படுகிறது. வெள்ளணுவும் தட்டணுவும் இதிலும் குறையும். உடைந்த அணுக்களிலிருந்து கசியும் லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ் என்னும் நொதி இதிலும் உயரும். மஜ்ஜையை மட்டும் எடுத்துப் பார்த்தால் தேர்ந்த கண்ணும் புற்றென்று மயங்கும். ஒன்று ஊசி மருந்தால் சில வாரங்களில் குணமாவது. மற்றொன்று கடும் மருத்துவத்துக்கும் எளிதில் அடங்காதது. இரண்டையும் மாற்றிப் பெயரிடுவது எந்தத் திசையில் நிகழ்ந்தாலும் கொடுமையாகவே முடியும். தமிழரிடையே இந்த மயக்கத்துக்கு இடம் கூடுதலாக உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். பி12 விலங்குணவிலிருந்தே கிடைப்பதால் நெடுங்காலம் சைவ உணவு உண்பவர்களிடம் அது குறைவது இயல்பு. மலேசிய இந்தியரிடையே மிகப் பரவலான நீரிழிவுக்கு ஆண்டுக்கணக்கில் உட்கொள்ளப்படும் மெட்ஃபார்மின் மாத்திரையும் குடலில் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது.

பேரணுச் சோகையும் லியூக்கேமியாவும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதை மருத்துவம் அறிந்துகொண்ட வரலாற்றில் தமிழகத்துக்கு ஒரு பங்கு உண்டு. அது நம்மவரிடையே போதிய அளவு பேசப்படவில்லை. 1928இல் இலண்டனிலிருந்து பம்பாய்க்கு வந்த மருத்துவ ஆய்வாளர் லூசி வில்ஸ், கருவுற்ற ஏழைப் பெண்களை, குறிப்பாக ஆலைத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்களை வாட்டிய கடுஞ்சோகையை ஆராய்ந்தார். 1929இல் சில மாதங்கள் குன்னூர் பாஸ்டர் கழகத்தில் ராபர்ட் மக்காரிசனின் சத்துணவு ஆய்வுக்கூடத்திலும், 1931இன் தொடக்கத்தில் சென்னை திருவல்லிக்கேணியில் கோஷா மருத்துவமனை என்று மக்கள் அழைத்த, இன்று கஸ்தூரிபா காந்தி பெயரால் வழங்கும் மகளிர் மருத்துவமனையிலும் அவர் பணியாற்றினார். விலை மலிந்த ஈஸ்ட் சாறான மார்மைட் கொடுத்ததும் அப்பெண்களின் சோகை நீங்கியதை 1931இல் அவர் வெளியிட்டார். அந்தச் சாற்றில் இருந்த பெயரறியாப் பொருள் சில ஆண்டுகளுக்குப் பின் ஃபோலிக் அமிலம் என்று அடையாளம் காணப்பட்டது. உழைக்கும் ஏழைப் பெண்ணின் வெளுத்த முகத்தைப் பார்த்துக் ‘காரணம் என்ன’ என்று விடாமல் கேட்ட ஒருவரால்தான் அது கிடைத்தது.

இதன் மறுபாதி எல்லாப்பிரகட சுப்பாராவின் வாழ்க்கையோடு சேர்ந்தது. 1895இல் பீமவரத்தில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் பின் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்ற அவர், இளமையில் ‘ஸ்ப்ரூ’ என்னும் குடல்நோயால் துன்புற்றார். உடன்பிறப்பையும் அந்நோய்க்குப் பறிகொடுத்தார். உணவிலுள்ள ஃபோலிக் அமிலத்தைக் குடல் ஏற்காமற்செய்து பேரணுச் சோகையில் கொண்டுவிடும் நோய் அது. அமெரிக்கா சென்று ஹார்வர்டிலும் பின்னர் லெடர்லி ஆய்வுக்கூடத்திலும் உழைத்த அவருடைய குழு, 1940களின் நடுவில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கிற்று. பாஸ்டனில் குழந்தை நோய்க்கூற்றியல் வல்லுநராக இருந்த சிட்னி ஃபார்பர், லியூக்கேமியா கண்ட குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலச் சேர்மங்களைக் கொடுத்தபோது நோய் தணியாமல் விரைவுபடுவதைக் கண்டார். அப்படியானால் அதை எதிர்க்கும் பொருள் நோயைத் தடுக்கவேண்டும் என்று எண்ணினார். சுப்பாராவ் குழு செய்து அனுப்பிய அமினோப்டெரின் என்னும் எதிர்ப்பொருளை 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 குழந்தைகள் தற்காலிகமாகவேனும் தேறியதை 1948 ஜூனில் அவர் அறிவித்தார். அந்த ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் மறைந்தார்.

சோகையைத் தீர்க்கும் சத்தே புற்றணுவுக்கும் உணவாகிறது என்னும் இந்த உண்மை, காரணம் அறியாமல் சத்து மாத்திரை கொடுக்கும் வழக்கத்துக்கு எதிரான வலுவான சான்றாகும். இதற்கு வேறொரு பக்கமும் உண்டு. பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் இரத்தம் ஓரளவு தேறும்; ஆனால் முதுகுத்தண்டின் நரம்புகள் தொடர்ந்து சிதைந்து, கால் மரத்து, நடை தள்ளாடும் நிலை வந்துவிடும். எனவே மருந்துக்கு முன் சோதனை என்ற ஒழுங்கு புற்றைக் கண்டுபிடிப்பதற்கு மட்டும் உரியதன்று.

சோதனையின் முதற்படி விலை குறைந்தது. எந்த மாவட்ட மருத்துவமனையிலும் செய்யக்கூடியது. முழு இரத்த எண்ணிக்கையை இன்று தானியங்கி இயந்திரம் ஒரு நிமிடத்தில் தருகிறது. சிவப்பணுவின் சராசரிப் பருமன் அதில் முக்கியமான எண்ணாகும். இரும்புக் குறையிலும் தாலசீமியாவிலும் அணு சிறுத்திருக்கும். பேரணுச் சோகையில் பெருத்திருக்கும். சிவப்பணு மரபு லியூக்கேமியாவில் இயல்பாகவோ பெருத்தோ இருக்கும். மஜ்ஜையிலிருந்து புதிதாக வெளிவந்த இளஞ்சிவப்பணுக்களின் எண்ணிக்கை, மஜ்ஜை இழப்பை ஈடுகட்ட முயல்கிறதா அல்லது தோற்றுவிட்டதா என்பதைச் சொல்லும். ஆனால் இயந்திரம் எண்ணுவதோடு நின்றுவிடுகிறது. அணுவின் முகத்தைப் பார்ப்பதற்கு மனிதக் கண் வேண்டும். கண்ணாடிச் சில்லில் ஒரு துளி இரத்தத்தை வைத்து, மற்றொரு சில்லின் விளிம்பால் ஒரே இழுப்பில் மெல்லப் பரப்பி, காற்றில் உலரவிட்டு, நீலமும் இளஞ்சிவப்புமான சாயமேற்றி, எண்ணெய்த் துளியின் ஊடாக ஆயிரம் மடங்கு பெருக்கிப் பார்க்கும் இரத்தப் பூச்சு என்ற நூறாண்டுக்கு மேற்பட்ட முறைக்கு இன்றும் மாற்றில்லை. பேரணுச் சோகையில் முட்டை வடிவப் பெருஞ்சிவப்பணுக்களும், ஐந்து ஆறு இதழ்களாகப் பிரிந்த உட்கரு கொண்ட வெள்ளணுக்களும் அந்தச் சில்லில் தெரியும். புற்றில், இரத்தத்தில் இருக்கக்கூடாத உட்கருவுள்ள சிவப்பணுக்கள் தோன்றும். சில அணுக்களில் இரண்டு மூன்று உட்கருக்கள் ஒழுங்கற்றுக் கிடக்கும். மிக இளையவற்றின் உடலம் அடர்நீலமாக இருந்து, அதற்குள் சாயம் ஏறாத சிறு குழிகள் ஒன்றோடொன்று கலந்து காணப்படும். தாலசீமியாவிலும் உட்கருவுள்ள சிவப்பணுக்கள் வெளிவருவதுண்டு. மலேசியாவில் 2016 முதல் நான்காம் படிவ மாணவர்களுக்குத் தாலசீமியாச் சோதனை நடைபெறுவதால், இளையவர்களிடம் அந்தப் பழைய முடிவு கையில் இருந்தால் வழி சுருங்கும்.

பூச்சில் ஐயம் எழுந்தால் மஜ்ஜையை எடுக்க வேண்டும். இடுப்பெலும்பின் பின்புற மேட்டில் தோலையும் எலும்புறையையும் மரத்துப்போகச் செய்து, ஊசியால் சிறிது மஜ்ஜை நீரும், அதனோடு மெல்லிய குச்சிபோல ஓர் எலும்புத் துண்டும் எடுக்கப்படுகின்றன. முதுகுத்தண்டில் குத்துவார்கள், கால் விளங்காமல் போகும் என்ற அச்சம் நம் குடும்பங்களில் பரவலாக இருப்பதால் இதைத் தெளிவுபடுத்துவது கடமையாகிறது: ஊசி தண்டுவடத்தின் அருகிலும் செல்வதில்லை. எடுத்த அணுக்களுக்குப் பாஸ் எனப்படும் சாயம் ஏற்றினால் புற்றுக்குரிய முதிராச் சிவப்பணுக்களில் கருஞ்சிவப்புத் திட்டுகள் தென்படும்; இயல்பான முதிராச் சிவப்பணுக்களில் அவை காணப்படுவதில்லை. அடுத்து, அணுவின் மேற்பரப்பிலுள்ள கிளைக்கோபோரின், சி.டி.71, இ-கேடிரின் முதலிய புரதங்களை ஒளிரும் எதிர்ப்பொருள்களால் அடையாளம் காணும் சோதனை, அந்த முதிரா அணு எந்த மரபைச் சேர்ந்தது என்பதை நிறுவும். கடைசியாகக் குரோமோசோம் எனப்படும் மரபுத்திரிகளைப் பார்க்கும்போது பல திரிகள் உடைந்தும் இடம்மாறியும் இருப்பதும், அணுக்களைக் கட்டுக்குள் வைக்கும் டி.பி.53 மரபணுவின் இரு படிகளும் கெட்டிருப்பதும் இந்நோயில் மிகுதியாகத் தெரியவரும்.

மயக்கம் தரும் பிற நிலைகளும் உண்டு. பார்வோ வைரஸ் பி19 தொற்றும், மஜ்ஜையைத் தாக்கும் சில மருந்துகளும், செம்புச்சத்துக் குறைவும் மஜ்ஜையின் தோற்றத்தைக் குழப்பும். ஆர்சனிக் நஞ்சும் அவ்வாறே. மலாயாத் தோட்டங்களில் களைகளை அழிக்கச் சோடியம் ஆர்சனைட் நெடுங்காலம் தெளிக்கப்பட்டது என்பதால், நஞ்சு வரலாற்றைக் கேட்பதும் நோயறிதலின் ஒரு பகுதியாக இந்த மண்ணில் இருந்திருக்க வேண்டும். இன்று அந்த இடத்தில், உலோகங்கள் கலந்த முறைப்படுத்தப்படாத சூரணங்களையும் செந்தூரங்களையும் பற்றிக் கேட்கவேண்டியிருக்கிறது. இவற்றை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்வது நோயாளியின் பங்கு.

இந்த அறிவெல்லாம் பயன்படாமல் போகும் இடம் ஒன்று உண்டு. ஹீமோகுளோபின் 4 அல்லது 5 கிராமாக இறங்கி வந்து சேர்பவருக்கு இரத்தம் ஏற்றவேண்டியது உயிர்காக்கும் செயல்; அதில் தயக்கம் கூடாது. ஆனால் சோதனைக்குரிய மாதிரிகளை எடுக்காமல் ஏற்றிவிட்டால், அதற்குப் பின் எடுக்கும் பூச்சில் தெரிவது பெருமளவு கொடையாளரின் சிவப்பணுக்களாகிவிடும். பி12, ஃபோலிக் அமில அளவுகளும் ஹீமோகுளோபின் வகைச் சோதனையும் உண்மையைச் சொல்லமாட்டா. ஏற்றிய இரத்தத்தால் முகம் தெளிந்து, நோயாளி வீடு திரும்பி, சில வாரங்களில் மீண்டும் வெளுத்து வருவார். மாதிரிக்கு வேண்டியது சில குழாய் இரத்தமும் சில நிமிடங்களும்தான். பி12 குறைவென்று ஐயம் இருந்தால், மாதிரி எடுத்த பின் ஊசி போட்டுப் பார்ப்பதே ஒரு சோதனையாகும்: மூன்று நான்கு நாளில் இளஞ்சிவப்பணுக்கள் ஏறத் தொடங்கி, ஒரு வாரத்தளவில் உச்சம் தொடும். அவ்வாறு ஏறாவிட்டால் மஜ்ஜைச் சோதனையை இனியும் தள்ளிப்போடக் கூடாது.

சித்தியவான் மக்களுக்கு அருகிலுள்ள பொது மருத்துவமனை ஸ்ரீ மஞ்சோங்கிலும், அதற்கடுத்த பெரிய மருத்துவமனையான ராஜா பெர்மைசூரி பைனுன் ஈப்போவிலும் உள்ளன. இரத்த நோய்களுக்கான தேசிய மேற்பரிந்துரை மையமாக அம்பாங் மருத்துவமனை விளங்குகிறது. ஒவ்வொரு படியிலும் முந்தைய முடிவுகள் உடன் செல்லாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். நோய் உறுதியானால் எதிர்பார்ப்பு கடினமானது. கீமோதெரபிக்கு இது சரியாக மசிவதில்லை, பெரும்பாலோருக்குக் காலம் மாதங்களில் எண்ணப்படுகிறது, தகுதியுள்ள சிலருக்கே பிறர் மஜ்ஜை மாற்றம் ஒரு வாய்ப்பாகிறது. அப்படியிருந்தும் பெயரறிவது வீணாகாது. அந்தச் சிலருக்குரிய வாய்ப்பு கெடாமலிருக்கவும், மற்றவர்கள் பயனற்ற மருந்துகளுக்குச் சேமிப்பைத் தொலைக்காமல் வலியும் அச்சமும் குறைந்த பராமரிப்பைக் குடும்பத்தோடு பெறவும், புற்றென்று தவறாக எண்ணப்பட்ட ஒரு தாய் சில பி12 ஊசிகளோடு எழுந்து வீட்டுக்கு நடந்து போகவும் அதுவே வழி.

ஆகவே இந்த வட்டாரத் தமிழ்க் குடும்பங்களிடம் வைக்கப்படும் வேண்டுகோள் இது: வீட்டில் எவருக்கேனும் ஹீமோகுளோபின் 8 கிராமுக்குக் கீழ் இறங்கியதாகத் தெரிந்தால், மாத்திரை வாங்குமுன் இரத்தப் பூச்சு பார்க்கப்பட்டதா என்று கேளுங்கள், இரத்தம் ஏற்றுமுன் மாதிரி எடுக்கப்பட்டதா என்று கேளுங்கள், ஒரு மாதம் மருந்துண்டும் அளவு ஏறவில்லையென்றால் அதே மருந்தை மறுபடி வாங்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள், பழைய சோதனைத் தாள்கள் அனைத்தையும் உடன் கொண்டுசெல்லுங்கள்.